மூக்காயியின் கணக்கு

தொல்காப்பிய மரபியல், இளம் உயிர்களுக்குப் பார்ப்பு, பறழ், குருளை, கன்று என்று ஒன்பது பெயர்களைச் சொல்கிறது. காட்டுப்பூனையான வெருகின் பிள்ளைக்குக் ‘குட்டி’ என்று பெயர். ‘பறழ்’ என்றும் சொல்லலாம். அடுத்து ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள். வயதாகிப்போன விலங்குக்கென்று தனிப்பெயர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் ஒரு கிழட்டுப் பூனையை விட்டுவிட்டு வந்து இந்தப் பாடத்தை நடத்திய நாட்களில்தான் அந்த இல்லாமை எனக்கு உறுத்தியது.

மூக்காயி 2008 மழைக்காலத்தில், முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வாடகை அறைக்குள் தானாக வந்தாள். மூக்கின்மேல் கரும்புள்ளி, அதனால் மூக்காயி. அதற்குப் பிறகு நாங்கள் ஆறு வீடு மாறினோம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்கத் தயங்கியவர்கள், பூனையும் உண்டு என்றதும் தயங்காமல் மறுத்தார்கள். 16 ஆண்டுகளில் என் எல்லா முகவரிகளிலும் என்னோடு இருந்தவள் அவள் மட்டுமே.

2024 பிப்ரவரியில் தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு நகராமல் குடிக்கத் தொடங்கினாள். நாலரை கிலோ இருந்தவள் மூன்று கிலோவாகியிருந்தாள். தனியார் மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை. வயதான பூனைகளுக்குப் பரவலாக வருவதுதான். சிறுநீரகத்தின் திறனில் பெரும்பகுதி போன பிறகே ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிக் காட்டும். பூனையோ நோவை வெளிக்காட்டாத உயிர். குணமாகாது, நாளைத் தள்ளிப்போடலாம் என்றார் மருத்துவர்.

அன்றைய கணக்கு நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: மருத்துவருக்கு 600, ரத்தப் பரிசோதனை 2,200, ஸ்கேன் 1,500, மூன்று நாள் டிரிப்ஸ் 5,400. மொத்தம் 9,700 ரூபாய். நான் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000, மே மாதத்தில் அதுவும் கிடையாது. மருந்தும், சிறுநீரக நோய்க்கான தனி உணவும், மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனையுமாக மே வந்தபோது கையில் ஒன்றுமில்லை. ஒன்றரைப் பவுன் வளையலை அடகு வைத்தேன்.

“பூனைக்குப் போய் வளையலையா அக்கா?” என்றான் தம்பி.

அந்த வளையலுக்கு அடகுக்கடை புதிதில்லை. அப்பாவின் இதய சிகிச்சைக்கு ஒருமுறை, தம்பி வெளிநாடு போக ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்கு ஒருமுறை போய் வந்திருக்கிறது. இரண்டு முறையும் மீட்டவள் நான். அப்போதெல்லாம் யாரும் ‘போய்’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. பெண்ணின் தங்கம் யாருக்காகக் கடைக்குப் போகலாம் என்பதற்கு நம் வீடுகளில் எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. குடும்பத்துக்குக் கொடுத்தால் அது கடமை. அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பைத்தியக்காரத்தனம். குழந்தை இல்லாத ஏக்கம் என்றுகூட விளக்கம் சொன்னார்கள். மூக்காயி எனக்குக் குழந்தையாக இருந்ததில்லை. நான் இரவெல்லாம் விழித்து எழுதும்போது பக்கத்தில் விழித்திருந்தவள். அதற்கு உறவுப்பெயர் தெரியவில்லை.

பிறகு வேப்பேரிக்குப் போனோம். 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது; தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. தாம்பரத்திலிருந்து எழும்பூர்வரை மின்ரயில், பிறகு ஆட்டோ. கூடை மடியிலேயே இருக்கும். வரிசையில் ஆட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா எவ்வளவு செலவாச்சு என்று கேட்டார். சொன்னேன்.

“ஆட்டுக்கு ஆனத நான் ஆட்ட வித்து எடுத்துருவேன். நீ எதுல எடுப்ப?”

என்னிடம் பதில் இல்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. நான் மருந்து வாங்கப் போனபோது கூடையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது கூடையின் மேல் அவர் முந்தானை கிடந்தது. “வெளிச்சம் கூசுதுபோல” என்றார்.

வீட்டிலேயே தோலுக்கடியில் திரவம் ஏற்றக் கற்றுக்கொடுத்தார்கள். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியைச் செருகி, கதவுக் கொக்கியில் தொங்கும் பாட்டிலிலிருந்து 100 மில்லி இறக்க வேண்டும். தோளின் மேல் சின்ன மூட்டைபோலப் புடைத்து, மெல்ல வற்றும். முதல் நாள் என் கை நடுங்கியது. பத்தாம் நாள் நான் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தேன். காலையில் வகுப்பு, மாலையில் ஊசி. அந்த நாட்களில் ஒரு கவிதையும் எழுதவில்லை, எழுதத் தோன்றவுமில்லை.

ஜூலையில் சாப்பாட்டை நிறுத்தினாள். மறுபடி சேர்த்து டிரிப்ஸ் ஏற்றலாம், சில நாட்கள் கிடைக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். பணம் தீர்ந்திருந்தது, அவளும் தீர்ந்திருந்தாள். எது முதல் காரணம் என்று பிரித்துப் பார்க்கும் வேலையை நான் எனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. கடன் வாங்கி இன்னும் நான்கு நாள் நீட்டினால்தான் அன்பு என்றால், கையில் காசில்லாத பெண்கள் யாருமே யாரையும் நேசித்திருக்க முடியாது. மூன்றாம் நாள் விடியற்காலையில், என் பழைய பருத்திப் புடவை மடிப்பில், மூச்சு நின்றது. வீட்டுக்காரம்மா முருங்கை மரத்தடியைக் காட்டி, “அங்க தோண்டிக்கம்மா” என்றார்.

நோட்டில் மொத்தம் 38,400 என்று கூட்டி அடிக்கோடிட்டிருக்கிறேன். வளையலுக்கு இன்னும் நான்கு மாத வட்டி பாக்கி.

அன்று கல்லூரிக்கு விடுப்புக் கடிதம் அனுப்பினேன். ‘மூக்காயி இறந்துவிட்டதால்’ என்று மட்டும் எழுதினேன். அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, “பாட்டிங்களா மேடம்?” என்றார்.

தொல்காப்பியத்தில் ‘கிழவி’ என்பவள் முதியவள் இல்லை, தலைவி, உரிமை உடையவள். பழஞ்சொல்லின் அந்தப் பொருளில்தான் சொன்னேன்.

“கிழவிதான்” என்றேன்.

“வருத்தப்படாதீங்க, ரெண்டு நாள் எடுத்துக்கங்க” என்றார் அவர்.