கண்ணில் படும்படி ஒரு சட்டை

மார்கழி மாதம். சாயங்காலம் ஆறே முக்கால் மணி இருக்கும். திருக்கோவிலூரிலிருந்து மணலூர்பேட்டை போகும் சாலையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் ஒரே பைக்கில் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்தது. லாரி கடந்துபோன அடுத்த நொடி, பத்தடி தூரத்தில் இன்னொரு பைக்!

வண்டி ஓட்டியவன் பிரேக்கை அழுத்தி, எப்படியோ வளைத்து, மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டான். வந்த கோபத்தில் கத்தினான்.

"யோவ் பெருசு! பின்னாடி லைட்டு இல்லியா? ஆளே தெரியல!"

"பல்பு போயிடுச்சி தம்பி... நாளைக்குப் போடணும்" என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்குப் பேச்சே வரவில்லை. அது அவனுடைய அப்பா.

கருப்பு பைக், கருநீலச் சட்டை, கருப்பு ஹெல்மெட், பின்னால் இரண்டு பால் கேன். தினமும் பார்க்கிற அப்பாதான். ஆனால் அந்தச் சாலையில், அந்த நேரத்தில், பெற்ற பிள்ளைக்கே அவர் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக பல்பு மாற்றியாகிவிட்டது. சில பத்து ரூபாய்தான். அதோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் அவன் விடவில்லை. "பல்பு மறுபடி போனா என்ன பண்றது?" என்ற கேள்வி அவனைக் குடைந்தது. அப்பாவுக்கு ஒரு ஒளிரும் ஜாக்கெட் வாங்குவது என்று முடிவு செய்தான். வாங்கப் போனபோதுதான் அது அத்தனை சுலபமான வேலை இல்லை என்று புரிந்தது.

இருட்டில் மூவர்

திருக்கோவிலூருக்கும் இருட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் முதன்முதலில் சந்தித்தது இந்த ஊரில்தான் என்பது வைணவ மரபு. மழை இரவு. ஒரு சின்ன இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்கிற அளவுதான் இடம். நான்காவதாக யாரோ வந்து நெருக்குகிறார்கள். யார் என்று தெரியவில்லை. அப்போது பாட்டாலேயே விளக்கேற்றினார்கள். நெருக்கியது பெருமாள் என்று கண்டார்கள் என்று கதை போகிறது.

அந்த இடைகழியில் வந்தவர் கடவுள். கரும்புக்காட்டுச் சாலையில் பின்னால் வந்து நெருக்குவது டிராக்டரோ லாரியோதான். அங்கே விளக்கை ஏற்ற வேண்டியது, நெருக்கப்படுகிற ஆள்!

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

இவை எல்லாமே 'ஆள் தெரியாததால்' நடந்தவை அல்ல. ஆனால் அதுவும் ஒரு பெரிய காரணம் என்பது பழைய செய்தி. 1981-ல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, எதிராளி வழி விடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. காரணம்? பைக்கை அவர்கள் கவனிக்கவே இல்லை, அல்லது கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது.

இதை ஒரு சின்னக் கணக்காகவும் போடலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஆளைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றாலே 25 மீட்டர் காலி. அதற்குப் பிறகுதான் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். மொத்தம் 45 மீட்டராவது வேண்டும். 'டிம்' லைட்டில் கருப்புச் சட்டைக்காரர் அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரிவாரா என்பதுதான் கேள்வி.

ரேடியம் என்பது ரேடியமே இல்லை

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அவன் கேட்டது "ரேடியம் ஜாக்கெட்". கடைக்காரரும் அதே பெயரில்தான் எடுத்துக் கொடுத்தார். ஊரில் எல்லாரும் சொல்வது அப்படித்தான். ஆனால் அதில் ரேடியம் துளிகூடக் கிடையாது. ஒரு காலத்தில் கடிகார முட்களில் ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். அது இருட்டில் தானே ஒளிர்ந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஜாக்கெட்டில் இருப்பது இரண்டு தனித்தனிப் பொருள்கள். இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, பளீரென்று இருக்கும் அந்தத் துணி. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிற சாயம் அதில் இருக்கிறது. அதனால்தான் மேகமூட்டத்திலும் விடியற்காலையிலும் அது மற்ற துணிகளைவிடத் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் நன்றாக இருட்டிய பிறகு அந்த வித்தை பலிக்காது. வண்டி விளக்கில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. ராத்திரியில் அது ஏதோ ஒரு வெளிர் நிறத் துணி, அவ்வளவுதான்.

இரண்டாவது, குறுக்கே தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டை. அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் இருக்கின்றன (அல்லது நுண்ணிய பட்டகங்கள்). எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறதோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும். பின்னால் வரும் லாரியின் வெளிச்சம் லாரி டிரைவர் கண்ணுக்கே திரும்பிப் போகும். இது பகலில் பயன்படாது. ராத்திரியில் இதுதான் உயிர்.

ஆக, பகலுக்குத் துணி, ராத்திரிக்குப் பட்டை. இரண்டும் இருந்தால்தான் முழுச் சட்டை.

மஞ்சளா? ஆரஞ்சா?

கடையில் இரண்டு நிறமும் இருந்தது. "ஆரஞ்சு எடுத்துக்கப்பா, பச்சைக் காட்டுல அதான் எடுப்பா தெரியும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நிறம் மட்டும் போதாது, பின்னணிக்கு அது மாறாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் ஆரஞ்சு போடுவது இதனால்தான்.

2012-ல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. பலவண்ணப் பின்னணி உள்ள நகரத் தெருவில் வெள்ளை உடையும் ஒளிரும் உடையும் சீக்கிரம் கண்ணில் பட்டன. ஆனால் ஊருக்கு வெளியே, பின்னால் வெளிச்சமான வானம் மட்டும் இருந்த இடத்தில், கருப்பு உடைதான் எடுப்பாகத் தெரிந்ததாம்!

அப்படியானால் கரும்புக்காட்டுக்கு ஆரஞ்சுதானே? அவன் கொஞ்சம் யோசித்தான். அப்பா வண்டி எடுப்பது எப்போது? காலை நாலரை மணிக்குப் பால் கறந்து கொண்டுபோகும்போது. பிறகு சாயங்காலம் இருட்டிய பின். அந்த நேரத்தில் கரும்பு பச்சை இல்லை. கருப்பு! மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்குச் சிவப்புப் பக்கத்து நிறங்கள் சீக்கிரம் மங்கிவிடும். மஞ்சள்-பச்சை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் அவன் எடுத்தது எலுமிச்சை மஞ்சள். பட்டப்பகலில் வயல் நடுவே ஓட்டுகிறவராக இருந்தால் கடைக்காரர் சொன்ன ஆரஞ்சே சரி.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

இந்தியாவில் இத்தகைய உடைக்கு ஐ.எஸ். 15809 என்ற தரம் உண்டு. வெளிநாட்டுச் சரக்கில் இ.என். ஐ.எஸ்.ஓ. 20471 என்று போட்டிருக்கும். அந்த வெளிநாட்டுத் தரத்தில் இரண்டாம் வகுப்பு என்றால் ஒளிரும் துணி குறைந்தது அரை சதுர மீட்டர், பட்டை 0.13 சதுர மீட்டர் இருக்க வேண்டும். பட்டையின் அகலம் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். மலிவு விலை வலை ஜாக்கெட்டுகளில் ஒரு அங்குலப் பட்டைதான் இருக்கும். கையில் ஸ்கேல் வேண்டாம், மூன்று விரலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஹெல்மெட்டுக்கும் இதே யோசனைதான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2004-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஒளிரும் உடை போட்டவர்களுக்கு விபத்துக் காய ஆபத்து 37 சதவீதம் குறைவு. கருப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்காரர்களுக்கு 24 சதவீதம் குறைவு. வெள்ளை ஹெல்மெட்டுக்குக் கூடுதல் விலை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவும்!

பால் கேன் மறைத்தது

வாங்கி வந்த அன்று ராத்திரியே அவன் ஒரு சோதனை செய்தான். தெருக்கோடியில் அப்பாவை வண்டியோடு நிறுத்தி, இந்தக் கோடியிலிருந்து நண்பனின் பைக் லைட்டைப் போட்டான். முதலில் கருநீலச் சட்டை: வண்டி இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரிந்தது. அடுத்து ஜாக்கெட்: இரண்டு வெள்ளிக் கோடு பளிச்சென்று எரிந்தது.

"அப்பா, இப்ப கேனைக் கட்டிக்கிட்டு நில்லு" என்றான்.

கோடு காணாமல் போய்விட்டது. உயரமான கேனும் அதன் மேல் போட்ட சாக்கும் முதுகை அடியோடு மறைத்துவிட்டன. இவ்வளவு செலவு செய்து வாங்கிய பட்டை, கேனுக்குத்தான் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது!

இது பால்காரர் பிரச்சினை மட்டும் இல்லை. பின்சீட்டில் அம்மா உட்கார்ந்தால் அப்பாவின் முதுகு மறைந்துவிடும். புத்தகப் பை மாட்டினால் மாணவனின் முதுகு மறைந்துவிடும். மாலை போட்டவர்கள் கருப்பு வேட்டி, கருப்புத் துண்டோடு மார்கழிப் பனியில் பைக்கில் போகிறார்கள். ஜாக்கெட்டின் மேல் அந்தத் துண்டைப் போர்த்தினாலும் இதே கதைதான். பின்னால் வருகிறவனுக்குக் கடைசியாக எது தெரியுமோ, அதில்தான் பட்டை இருக்க வேண்டும்.

மறுநாள் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையிலிருந்து சிவப்புப் பட்டை வாங்கி இரண்டு கேனிலும் சுற்றினான். லாரிகளில் முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்பக்கம் சிவப்பு என்று ஒட்டுகிறார்கள் அல்லவா? அதே முறைதான். ஹெல்மெட்டின் பின்னாலும் ஒரு துண்டு.

'ரோடு போடுறவன் மாதிரி'

எல்லாம் சரி. ஆனால் அப்பா போட மாட்டேன் என்றார்.

"ரோடு போடுறவன் மாதிரி இருக்குதுடா. சொசைட்டியில நாலு பேர் சிரிப்பானுங்க."

உண்மையைச் சொன்னால் அவனுக்கும் அதே கூச்சம் இருந்தது. கல்லூரிக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் "என்ன மாப்ள, முனிசிபாலிட்டில வேலை கெடச்சிடுச்சா?" என்று கேட்க ஆள் காத்திருக்கிறது. இந்த ஜாக்கெட் யார் உடம்பில் இருக்கிறது? சாலைப் பணியாளர், தூய்மைப் பணியாளர், ராத்திரி நிற்கிற போலீஸ்காரர். நடுரோட்டில் நின்று வேலை செய்கிறவர்கள் அவர்கள். அவர்களைப் போலத் தெரிவது கேவலம் என்று நினைப்பதுதான் கேவலம். பிரான்சில் 2016-லிருந்து ஒவ்வொரு மோட்டார் சைக்கிள்காரரும் இப்படி ஒரு ஜாக்கெட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வண்டி பழுதாகி இறங்கினால் போட்டே ஆக வேண்டும். இந்தியாவில் ஹெல்மெட்டுக்குச் சட்டம் உண்டு. ஜாக்கெட் அவரவர் விருப்பம்.

அவன் இந்த நியாயம் எதையும் அப்பாவிடம் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அன்னிக்கி அந்த வண்டிய நான் ஓட்டியிருந்தா என்னப்பா ஆயிருக்கும்?"

அப்பா பதில் சொல்லவில்லை. ஜாக்கெட்டை எடுத்து, வண்டிச் சாவி மாட்டுகிற ஆணியிலேயே மாட்டினார். மறுநாள் காலை நாலரைக்கு அது ஆணியில் இல்லை.

கடைசியாக...

ஜாக்கெட் கவசம் இல்லை. விழுந்தால் தலையைக் காப்பது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்தான். குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்கும் எத்தனை பட்டை ஒட்டினாலும் தெரியாது. வெயிலில் சாயம் வெளுக்கும், புழுதி படிந்தால் பட்டை மங்கும். துவைக்க வேண்டும், வெளுத்தால் மாற்ற வேண்டும். பின் விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

ஆனாலும், பார்க்கக் கூடிய கண் பின்னால் வரும்போது அதற்கு இரண்டு நொடி முன்னதாகத் தகவல் சொல்ல இந்தச் சட்டையால் முடியும். அந்த இரண்டு நொடியில்தான் ஒரு குடும்பம் இருக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரி உங்கள் வீட்டு வண்டியை, வழக்கமான சுமையோடு, வழக்கமான சட்டையோடு தெருக்கோடியில் நிறுத்தி, இந்தக் கோடியிலிருந்து ஒரு லைட்டை அடித்துப் பாருங்கள். என்ன வாங்க வேண்டும், எங்கே ஒட்டவேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்!