எதிர் ஐந்து வோல்ட்

பெண்கள் பகுதிக்குப் பயானைக் கொண்டுசெல்லும் மைக் பிரீஆம்ப் சில வாரங்களாகக் கரகரத்தது. தாய்மார்கள் பாதிச் சொற்களைக் கேளாமலே திரும்பினர். புதிது வாங்கலாமென்றனர் சிலர். கையிலிருந்ததோ மாணவர்களின் கிதாபுகளுக்கான பணம். ஆகவே நாமே திறந்து பார்த்தோம்.

அச்சுற்றுக்கு நேர் 5 வோல்ட்டுடன் எதிர் 5 வோல்ட்டும் வேண்டும். எதிர் மின்னழுத்தத்தை 7660 என்னும் எட்டுக்கால் ஐ.சி. உண்டாக்குகிறது. ஒரு கெப்பாசிட்டரை நிரப்பி, தலைகீழாக்கி, மற்றொன்றில் ஊற்றுகிறது. நொடிக்குச் சுமார் 5,000 முறை. வாளியால் நீர் இறைப்பதேதான்.

சுமையைக் கழற்றி அளந்தால் ஐந்தாம் காலில் எதிர் 4.9. "ஐ.சி. நல்லாத்தான் இருக்கு, ஹஜ்ரத்" என்றார் மல்டிமீட்டர் பிடித்த மாணவர். சுமையோடு அளந்தால் எதிர் 2 மட்டுமே! அலையின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டதே கரகரப்பு. சுமையற்ற அளவீட்டை ஒருபோதும் நம்பலாகாது என்பது நம் கருத்து. இந்த ஐ.சி.யின் வெளியீட்டுத் தடை ஏறத்தாழ 55 ஓம். 8 மில்லியாம்பியருக்கு அரை வோல்ட்கூடக் குறையாது. மீதி எங்கே போயிற்று?

இரண்டாம், நான்காம் கால்களுக்கு இடையிலுள்ள 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வற்றியிருந்தது. வாளி சிறுத்துவிட்டது! சில ரூபாய்க்குக் கிடைப்பதுதான். நேர்முனை இரண்டாம் காலில் அமையுமாறு புதியதைப் பற்றவைத்தோம். வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்கோ நேர்முனை கிரவுண்டுக்குச் செல்லவேண்டும். பலர் இடறுமிடம் இது.

இப்போது சுமையோடு எதிர் 4.5. அந்த வெள்ளியன்று பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சிறுமி வந்தாள்: சத்தத்தைச் சற்றுக் குறைக்கவேண்டுமாம்.