அம்பாசிடரில் தேய்ந்ததை முதலில் மாற்றுங்கள்

பயிர்ச் சந்தேகம் கேட்க வரும் சிலர், ‘சார், பழைய அம்பாசிடர் முன்பக்கம் ரொம்பக் குலுங்குது, என்ன செய்யலாம்?’ என்றும் கேட்கிறார்கள். நானும் அம்பாசிடர்காரன் என்பது ஊருக்கே தெரியும்.

கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் வெடிப்பதால் வெம்பக்கோட்டைப் பக்கம் தார்ச்சாலையும் அலை அலையாகிவிடும். முதுகுவலியோடு இருக்கும் என் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது இந்த வண்டியில்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகுவார்.

முன்பக்கத்தை வெட்டி, வேறு காரின் சுருள் ஸ்பிரிங்கை வைக்கலாம் என்றார்கள் சிலர். சாத்தூர் மெக்கானிக் மறுத்துவிட்டார். ‘அண்ணாச்சி, இதுல இருக்கிறது முறுக்குக் கம்பி. அது லேசுல கெடாது. தேஞ்சதை மட்டும் மாத்துவோம்.’

ரப்பர் புஷ்களையும் இரண்டு ஷாக் அப்சர்பர்களையும் மாற்றினார். கிரீஸ் நிப்பிள்களைச் சுத்தம் செய்து புது கிரீஸ் அடித்தார். தொய்ந்திருந்த பக்கத்தை உயர்த்தி, இரு பக்கமும் சமமாக்கினார். கடைசியாக வீல் அலைன்மென்ட். ஸ்பிரிங் மாற்றக் கேட்ட தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. அடுத்த பயணத்தில் அம்மா தூங்கிவிட்டார்.

2014-ல் உற்பத்தி நின்ற வண்டி இது. காலத்தில் அடிக்கும் கிரீஸ்தான் இதற்கு ஆயுள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.