வயதுக்குச் சாட்சி

முதியோர் பண மனு தள்ளுபடியானால் காரணம் ஒரே வரியில் முடிந்துவிடும். 'வயது பூர்த்தியாகவில்லை', 'மகன் ஆதரவில் உள்ளார்', 'சொத்து உள்ளது'. அந்த ஒரு வரியை உடைப்பதுதான் மனு எழுதுகிறவரின் தொழில். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் 'மனு அக்கா' என்று அறியப்பட்ட அந்தப் பெண்மணி ஒரு சங்கத்தின் சார்பில் நெடுங்காலம் செய்த வேலை அது. இப்போது ஓய்வில் இருக்கிறார். சங்கத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில், "எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சேக்கா, இ-சேவையில அஞ்சு நிமிஷ வேலை. இதுக்குப் பயிற்சி எதுக்கு?" என்று கேட்டான் ஒரு பையன். பதிவேற்ற ஐந்து நிமிடம் போதும்தான். ஆனால் மனு தேறுமா தேறாதா என்பது அதற்கு வெகுமுன்பே முடிவாகிவிடுகிறது என்பது அக்காவின் வாதம். அந்தக் கேள்வி அவருக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றிலும் கடினம் வயதுதான்.

ஓஏபி எனப்படும் முதியோர் பணம் வாங்க 60 நிரம்ப வேண்டும். நிரம்பியதென்று யார் சொல்வது? பள்ளிக்கூடமே போகாத ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் பிறப்புச் சான்றும் இருக்காது, டிசியும் இருக்காது. வாக்காளர் அட்டையில் ஒரு வயது, குடும்ப அட்டையில் இன்னொன்று, ஆதாரில் மூன்றாவது. ஆதார் எடுத்த நாளில் மெஷின் முன்னால் இருந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டிருப்பார். மாதமும் தேதியும் தெரியாதவர்களுக்கு ஜனவரி 1. ஊரில் பாதிக் கிழவிகள் ஒரே நாளில் பிறந்தவர்களாக இருப்பது இப்படித்தான்.

அக்காவுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றுச் சங்கத்துக்கு வந்த ஒரு பெரியவர். 'உங்களுக்கு என்ன வயசு?' என்று யாரையும் கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம். கேட்டால் அட்டையில் இருப்பதைச் சொல்வார்கள், இல்லையென்றால் நமக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். பெரியவர் ஊரிலிருந்து தொடங்குவார். "தனுஷ்கோடிப் புயலுக்கு நீ பிறந்தாச்சா ஆத்தா?" அந்தக் கடற்கரையில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடு கிடையாது. "நான் கைப்பிள்ளையாம். எங்காத்தா என்னைத் தூக்கிட்டுப் போய்க் கோயில்ல கிடந்துச்சாம்" என்று வந்தால் 1964 டிசம்பருக்கு முன்பு பிறந்தவர் என்று ஒரு முடிச்சு விழும். அடுத்து, "எம்ஜிஆர் முதல் தடவை ஜெயிச்சப்ப வயசுக்கு வந்துட்டியா?" இது 1977. "இந்திரா காந்தியைச் சுட்டப்ப மூத்தது கையிலயா, வயித்துலயா?" இது 1984 அக்டோபர். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தால் அதன் டிசி ஒரு எழுத்துச் சாட்சி. கூடப் பிறந்த தம்பியின் ஆதாரில் 61 என்று இருந்து அக்காளின் ஆதாரில் 56 என்று இருந்தால் அந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே பாதி வேலை.

வாக்குமூலத்தில் இரண்டு வருஷம் இடித்தாலும் பெரியவர் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி போ, தங்கச்சியைக் கேள், மச்சினனைக் கேள், எந்தக் கண்மாய் வெட்டின வருஷம் கல்யாணம் என்று கேள் என்பார். பொய் வயது எழுதித் தரச் சொல்லி வந்தவர்களை அவர் வாசலோடு அனுப்பியதையும் அக்கா பார்த்திருக்கிறார். ஒரு மனு பொய் என்று பிடிபட்டால் அந்த ஊரிலிருந்து போகும் அடுத்த மனுக்களை விஏஓ நம்ப மாட்டார் என்பது அவர் கணக்கு. இப்படிச் சேர்த்த சாட்சிகளைத்தான் ஒரு பக்க மனுவாக எழுதி, அரசு மருத்துவரின் வயதுச் சான்றையும் இணைத்துத் தனி தாசில்தாரிடம் கொடுப்பார்கள். விட்டால் ஜமாபந்தி, அதையும் விட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்.

இப்போது நடப்பது வேறு. ஆதாரைப் பதிவேற்றுகிறார்கள். வயது குறைவு என்று திரை காட்டினால், "இன்னும் நாலு வருஷம் கழிச்சு வாங்க பாட்டி" என்று அனுப்பிவிடுகிறார்கள். சிலர் அவசரத்தில் ஆதாரிலேயே தேதியை மாற்றக் கூட்டிப்போகிறார்கள். பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். அந்த ஒரு வாய்ப்பையும் யோசிக்காமல் ஒரு தேதி போட்டுத் தொலைத்துவிட்டால், பிறகு அந்த அம்மாவுக்குப் போக வழி இல்லை.

ஆதார் அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று ஆதார் ஆணையமே 2023இல் ஒரு சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் 24 அன்று ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்காட்டி, ஆதாரில் உள்ள தேதியை விட்டுவிட்டுப் பள்ளிச் சான்றில் உள்ள தேதியையே ஏற்றது. வயதுத் தகராறு உள்ள ஒவ்வொரு மனுவிலும் போக வேண்டிய தீர்ப்பு இது. இந்தப் பிள்ளைகளில் ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை என்பதைச் சொல்லும்போது அக்காவின் குரல் ஏறுகிறது. கோபம் நியாயமானதுதான்.

தள்ளுபடிக்கான அடுத்த காரணமான மகன் விஷயம் இதைவிடச் சுருக்கம். மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 75 ரூபாய். 2007இல் அது பெயர் மாறி, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோர் எல்லாருக்கும் என்று விரிந்தது. ஆனால் விசாரணைக்கு வருகிறவரின் அறிக்கையில் மகன் இன்னும் இருக்கிறான். திருப்பூரில் வாடகைக்கே திண்டாடுகிற மகன், குடும்ப அட்டையில் பெயர் இருக்கிற ஒரே காரணத்தால் தாய்க்குச் சோறு போடுகிறவன் ஆகிவிடுகிறான்.

ஒற்றை மனு ஜெயித்தால் ஒரு வீட்டில் அடுப்பெரியும், அவ்வளவுதான். ஊருக்கே நியாயம் வேண்டுமென்றால் பட்டியலை வாங்க வேண்டும். 2005இன் தகவல் உரிமைச் சட்டம் அதற்குத்தான். யார் யாருக்கு ஓஏபி, யாருக்கு எப்போது எதற்காக நிறுத்தப்பட்டது என்று கேட்டு வாங்கி, கிராம சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும். இறந்தவர் பெயர் வந்தால் ஊரே சொல்லும். உயிரோடு இருக்கிறவரை 'இறப்பு' என்று நீக்கியிருந்தால் அவரே எழுந்து நிற்பார். இந்த முறை ராஜஸ்தானிலிருந்து வந்தது. அருணா ராய் முதலானோர் சேர்ந்து கட்டிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் இப்படித்தான் கணக்கை ஊர் நடுவே வாசித்தது. அதே அருணா ராயும் புனேயின் பாபா ஆதவும் முன்னின்ற பென்ஷன் பரிஷத், 2012இல் டெல்லியில் முதியோரைத் திரட்டி, எல்லாருக்கும் மாதம் 2,000 ரூபாய் ஓய்வூதியம் கேட்டது. 2023இல் ராஜஸ்தான் சட்டமே இயற்றியது. குறைந்தது 1,000 ரூபாய், ஆண்டுதோறும் 15 சதவீத உயர்வு என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் முதியோர் பணம் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011இல் 1,000 ஆனது. பிறகு விலைவாசி ஏறிக்கொண்டே போக, 12 வருஷம் அப்படியே நின்று, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2006இல் வந்த அந்த 200 இன்றுவரை ஏறவில்லை. எண்பதைத் தாண்டினால் 500.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற சபைக்கு உங்கள் ஊர் ஓஏபி பட்டியலைக் கேட்டு வாங்கிப் போய் வாசியுங்கள். விடுபட்டவர் பெயர்களைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த 200 ரூபாயை உயர்த்தச் சொல்லி இன்னொரு தீர்மானமும் போடுங்கள். இரண்டுக்கும் நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.