எந்த ஆண்டின் புல்?

குஜராத்தின் கச்சு மாவட்டத்தில், பெரிய ரண் உவர்நிலத்தின் தென்விளிம்பில், ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது பன்னி புல்வெளி. மால்தாரி மக்களின் எருமைகள் அங்கே இரவில் மேய்ந்து, விடியலில் ஊர் திரும்பிப் பால் தருகின்றன. 2010இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்ற பன்னி எருமையின் வாழ்வு முழுவதும் அந்தப் புல்லை நம்பியே இருக்கிறது.

அந்த நிலத்தில் ஆய்வு மாணவி ஒருவர் நான்கு ஆண்டுகளாகக் கட்டங்கள் அமைத்துப் புல்லை அறுத்து எடைபோட்டு வந்தார். மாறிவரும் தட்பவெப்பநிலைக்கு மேய்ச்சல் புற்கள் எவ்வாறு எதிர்வினை காட்டுகின்றன என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். முதலாண்டு மழை பொய்த்தது. கட்டங்களில் உப்புதான் பூத்தது. மறு ஆண்டு அதே இடத்தில் புல் முழங்காலைத் தொட்டது. "முன்பைவிடப் புல் குறைந்துவிட்டதா?" என்று முதிய மால்தாரி ஒருவரிடம் அவர் கேட்டார். "எந்த வருஷத்துப் புல்லைக் கேட்கிறாய், மகளே?" என்று பெரியவர் திருப்பிக் கேட்டார். அன்று அதை ஒரு மழுப்பலான விடையாகவே மாணவி குறித்துக்கொண்டார்.

பாடநூல் தெளிவான விடை தருகிறது. நெல், கோதுமை போன்ற சி3 தாவரங்கள் காற்றில் கரியமில வாயு கூடும்போது ஒளிச்சேர்க்கையில் ஆதாயம் பெறும். பன்னியின் கொழுக்கட்டைப்புல்லும் மார்வெல் புல்லும் சி4 வகையைச் சேர்ந்தவை. அவை அவ்வாயுவைத் தம் இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்வதால் பெரிய ஆதாயம் அடையா. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. ஆகவே சி3 தாவரங்கள் முந்தும், சி4 புற்கள் பின்தங்கும் என்பது எதிர்பார்ப்பு.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடர் கிரீக் என்னுமிடத்தில் நடந்த கள ஆய்வு இந்த எதிர்பார்ப்பைச் சோதித்தது. கூடுதல் கரியமில வாயுவைப் பெற்ற கட்டங்களில் முதல் 12 ஆண்டுகள் பாடநூல் சொன்னபடியே நடந்தது. அடுத்த 8 ஆண்டுகளில் நிலை தலைகீழானது. சி4 புற்கள் ஓங்கின, சி3 புற்களின் ஆதாயம் மறைந்தது. மண்ணில் தழைச்சத்து கிடைக்கும் வேகம் மெல்ல மெல்ல மாறியதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த அம்முடிவு, பத்தாம் ஆண்டில் ஆய்வை நிறுத்தியிருந்தால் வெளிவந்தே இராது.

பன்னியின் சிக்கல் இன்னும் கடினமானது. ரண் பரவுவதைத் தடுக்கவென்று 1960களின் தொடக்கத்தில் அங்கே விதைக்கப்பட்ட சீமைக் கருவேலம் ஒரு சி3 மரம். புல்லின் இடத்தை அது பெருமளவு கவர்ந்துகொண்டது. மேய்ச்சல், உவர்ப்பு, மழையின் தாறுமாறு, கருவேலத்தின் நிழல் ஆகிய அனைத்தும் ஒரே கட்டத்தில் ஒருங்கே செயல்படுகின்றன. இவற்றுள் தட்பவெப்பநிலையின் பங்கை மட்டும் நான்கு பருவங்களைக் கொண்டு பிரித்தெடுப்பது எவ்வாறு?

இளநிலை ஆய்வு உதவித்தொகை ஐந்தாண்டில் முடிந்துவிடும். மாணவிக்கு எஞ்சியிருந்தவை சில மாதங்களே. நான்கு புள்ளிகளின் குறுக்கே ஒரு நேர்கோடு வரைந்து, "புல் குறைந்து வருகிறது" என்று எழுதுவது எளிது. இதழ்களும் அத்தகைய கோட்டை விரும்பும். கோட்டை அவர் வரைந்தும் பார்த்தார். முதலாண்டின் வறட்சியை நீக்கினால் அது கீழே சாய்ந்தது. சேர்த்தால் மேலே ஏறியது. பெரியவரின் கேள்வி மழுப்பல் அன்று, ஆய்வு முறை பற்றிய கண்டிப்பான வினா என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அந்த அத்தியாயம் இறுதியில் கோடின்றியே எழுதப்பட்டது. நான்கு ஆண்டுகளும் தனித்தனியே, மழையளவோடும் உவர்ப்பளவோடும் பதிவாயின. "முடிவு என்ன?" என்று ஆய்வுக் குழு கேட்டது. "இது தொடக்க அளவீடு" என்று அவர் விடை சொன்னார். குழு மனநிறைவு அடையவில்லை, திருத்தம் கேட்டது. கோட்டைச் சேர்க்காமல், சேர்க்காததன் காரணத்தை இரண்டு பக்கங்களில் விளக்கி அவர் மீண்டும் அளித்தார்.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் 1856இல் ஒரு வைக்கோல் புல்வெளியில் உரச் சோதனை தொடங்கியது. இன்றும் அது நடக்கிறது. தொடங்கியவர்கள் தட்பவெப்ப மாற்றத்தை எண்ணிப் பார்த்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் உலர்த்திச் சேமிக்கத் தொடங்கிய புல் மாதிரிகள்தாம், காற்றில் கரியமில வாயு கூடக்கூடப் புல்லின் நீர்ப்பயன்பாடு எவ்வாறு மாறியது என்பதை ஒரு நூற்றாண்டுக்குப் பின்வந்தோர் ஆராய உதவின.

பன்னியை விட்டுப் புறப்பட்ட நாளில் மாணவி தம் இரும்பு முளைகளைப் பிடுங்கவில்லை. கட்டங்களின் அமைவிடங்கள், அறுத்த தேதிகள், உலர்ந்த மாதிரி உறைகள் அனைத்தும் துறையின் இளைய மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஐந்தாம் ஆண்டின் புல்லை அவர் அறுப்பார்.