பாண்டியிலிருந்து ரேஸ் ட்ராக் வரை: கையில் காசு கம்மியா இருந்தா...

மக்களே, இந்தப் பதிவு பைக் ரேஸ் பற்றியது. உடனே ஈசிஆர்ல ராத்திரி பதினோரு மணிக்கு சைலன்சரைக் கழற்றிவிட்டு டமடமன்னு போகிற கோஷ்டி ஞாபகத்துக்கு வரும். அது ரேஸ் இல்லை. லைசென்ஸ், கொடி, மார்ஷல், ஆம்புலன்ஸ் எல்லாம் வைத்து மூடிய ட்ராக்கில் நடப்பதற்குத்தான் ரோடு ரேஸிங் என்று பெயர். பெயரில்தான் ரோடு இருக்கிறது, ஓட்டுவது ரோட்டில் இல்லை!

"அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைங்க சமாச்சாரம்பா" என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அது பாதி உண்மை. இருக்கிற காசை எந்த வரிசையில் செலவு செய்கிறோம் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

லாஸ்பேட்டையில் ஒரு பாலிடெக்னிக் பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 150 சிசி பைக், பகுதிநேர வேலை, கொஞ்சம் சேமிப்பு. ரேஸ் ஆசை வந்ததும் முதலில் என்ன வாங்குவான்? சத்தம் போடுகிற சைலன்சர். அடுத்து ஏர் ஃபில்டர். அடுத்து ஸ்டிக்கர். ஹெல்மெட் மட்டும் ரோட்டோரக் கடையில் வாங்கியது, டயரோ மொட்டை. வரிசையே தலைகீழ்!

சரியான வரிசை இது: முதலில் உடம்பு, அடுத்து பயிற்சி, அதற்கப்புறம் டயரும் பிரேக்கும், கடைசியில்தான் இஞ்சின்.

உடம்பு என்றால் அதை மூடுகிற கவசம். முகத்தை முழுசா மூடுகிற தரமான ஹெல்மெட், லெதர் சூட், முதுகுக்குக் காப்பு, கையுறை, கணுக்கால் வரை ஏறுகிற பூட்ஸ். இதில் சூட்டையும் பூட்ஸையும் பழசாக வாங்கலாம். தையல் பிரியாமல், அளவு கச்சிதமாக இருந்தால் போதும். ஹெல்மெட்டை மட்டும் பழசாக வாங்கவே கூடாது. ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும், வெளியே கீறல்கூடத் தெரியாது. ஹெல்மெட் விஷயத்தில் நம்ம ஊர் வரலாறு எல்லாருக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் முதல்வர் நாராயணசாமி ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்ததற்கு, ஆளுநர் கிரண் பேடி ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய விதமும் ஒரு காரணம். ட்ராக்கில் அந்த விவாதமே கிடையாது. சரியான ஹெல்மெட் இல்லையா, உள்ளேயே விட மாட்டார்கள்.

அடுத்தது பயிற்சி. பாண்டியில் பழகி ரேஸர் ஆவது ஏன் கஷ்டம் தெரியுமா? டவுனுக்குள்ள தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. ஈசிஆரும் பெரும்பாலும் நேர் ரோடுதான். நேர் ரோட்டில் ஆக்ஸிலேட்டரை முறுக்க யாராலும் முடியும். ரேஸ் ஜெயிப்பது வளைவில். எங்கே பிரேக் பிடிக்கிறோம், கண் எங்கே பார்க்கிறது, வளைவிலிருந்து வெளியே வரும்போது எப்போது முறுக்குகிறோம் என்பதில்தான் நொடிகள் மிச்சமாகும். 60ல் போகிற பைக்கை விட 120ல் போகிற பைக்குக்கு ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அதையெல்லாம் இழுத்துப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இஞ்சினில் ஒரு குதிரைசக்தி கூட்டுகிற செலவில் ட்ராக்கில் ஒரு நாள் முறையாகப் பயிற்சி எடுத்தால், சுற்று நேரம் அதைவிட அதிகமாகவே குறையும்.

அந்த ட்ராக் எங்கே இருக்கிறது? நல்லவேளை, பாண்டிக்காரனுக்கு ரொம்ப தூரம் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் ஆரம்பித்தது. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில், பல வருஷம் ரேஸ் நடத்தியவர்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே ட்ராக் போட்டார்கள். 1990ல் இருந்து அங்கே ரேஸ் நடக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. திண்டிவனம் போய், சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி, ஒரகடம் வழியாகப் போனால் சுமார் 150 கி.மீ. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கிறது. சென்னையில் ரேஸர் ரஜினி கிருஷ்ணன் போன்றவர்களே பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள். சொந்த பைக்கை ட்ராக்குக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். விழுந்தால் திரும்பி வர வண்டி இருக்காது. மூணு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை பிடித்தால் வாடகை பங்காகிவிடும்.

இனிதான் முக்கியமான மேட்டர். ரேஸ் ஓட்ட ரேஸ் பைக் சொந்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை! 'ஒன் மேக்' என்று ஒரு வகை உண்டு. எல்லாருக்கும் ஒரே மாடல் பைக், அதையும் கம்பெனியே தரும். டிவிஎஸ் இதை 1994லேயே ஆரம்பித்துவிட்டது. ஹோண்டா 2018ல் டேலன்ட் கப் கொண்டுவந்தது. 2021ல் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கப் வந்தது. இந்த மாதிரிப் போட்டிகளுக்கு விண்ணப்பம் வாங்கி, ட்ராக்கில் ஓடவிட்டு, சுற்று நேரத்தைப் பார்த்து ஆள் எடுப்பார்கள். பெண்களுக்குத் தனிப் பிரிவும் நடந்திருக்கிறது. அங்கே அப்பாவின் பேங்க் பேலன்ஸை யாரும் பார்ப்பதில்லை, ஸ்டாப் வாட்சைத்தான் பார்க்கிறார்கள். சொந்த பைக்கில்தான் ஓட்டுவேன் என்கிறவர்களுக்கு தேசிய சாம்பியன்ஷிப்பில் 165 சிசி வரையிலான புதுமுகப் பிரிவு இருக்கிறது. எதுவானாலும் எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸும், உடல் தகுதிச் சான்றும் வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

இந்த வழியில் போனவர்கள் எதுவரை போனார்கள்? சென்னைப் பையன் சரத்குமார் (நடிகர் இல்லைங்க!) 2011ல் உலக கிராண்ட் பிரீயின் 125 சிசி பிரிவு வரைக்கும் போனார். 2023ல் இந்தியாவில் மோட்டோ ஜிபி நடந்தபோது, மோட்டோ 3 பிரிவில் சென்னை ரேஸர் கே.ஒய். அஹமதுக்கு வைல்டு கார்டு கிடைத்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு வெறும் விளம்பரம் ஆகிவிடும். 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில், தேசியப் போட்டி நடந்த நாளில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் ரேஸில் விழுந்து இறந்துபோனான். அந்த வாரத்தின் மீதி ரேஸ்கள் ரத்தாயின. மார்ஷல், ஆம்புலன்ஸ், கவசம் எல்லாம் இருக்கிற இடத்திலேயே இப்படி. எதிரில் லாரி வருகிற, நடுவில் நாய் ஓடுகிற, சென்டர் மீடியன் இருக்கிற ரோட்டில் என்ன ஆகும்? பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவின்படி முதல் தடவைக்கே மூணு மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்த 5,000 பெரிய செலவே இல்லை. ஒரு கால் முறிந்து பிளேட் வைத்தால் ஆகிற ஆஸ்பத்திரி பில்லைக் கேட்டுப் பாருங்கள். ட்ராக்கோ ரோடோ, ரேஸ் விட்டு நொறுங்கிய வண்டிக்கு சாதாரண பைக் இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

ஆக, காசு கம்மியாக இருக்கிறவனுக்கு ரொம்பக் காஸ்ட்லியான ரேஸ் ட்ராக் எது என்றால், இலவசமாகக் கிடைக்கிற ஈசிஆர்தான்.

லாஸ்பேட்டைப் பையன் இந்த வருஷம் சைலன்சர் வாங்க வேண்டாம். அந்தக் காசில் நல்ல ஹெல்மெட். அடுத்த ஆறு மாதம் சேர்த்து ஒரு நாள் ட்ராக் பயிற்சி, பைக்கும் அங்கேயே வாடகைக்கு. அதற்கடுத்து ஒன் மேக் தேர்வுக்கு ஒரு விண்ணப்பம். தேர்வாகவில்லை என்றாலும் நஷ்டம் இல்லை. பிரேக் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள் பாண்டி ரோட்டில் கூடுதலாக இருப்பான்.

பி.கு: பாண்டியில் பெட்ரோல் விலை கம்மி என்பதால் ரேஸ் செலவும் குறையும் என்று யாராவது கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு டயர் வாங்கப் போகும்போது சரியாகிவிடும் :-)