குளிரூட்டி என்னும் பெயரும் எம் மலைப்பாதையும்

மோட்டார் வண்டியின் உள்ளுறுப்புகளைப் பற்றித் தமிழாசிரியன் எழுதப் புகுதல் பொருந்துமோ என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். யாம் எழுத வந்தது ஒரு சொல்லைப் பற்றியும், அச்சொல்லைப் பாதியளவே உணர்ந்தமையால் எம் பிள்ளைகள் செல்லும் பாதையில் நேரக்கூடிய இடரைப் பற்றியுமே. சொல்லாராய்ச்சி எம் தொழிலன்றோ?

லுணுகலையை அறியாதார்க்கு ஒன்று கூறுவோம். பதுளையிலிருந்து செங்கலடிக்குச் செல்லும் ஏ5 வீதியில், பசறைக்கும் பிபிலைக்கும் இடையில் அமைந்தது எம்மூர். மேற்கே பதுளை நோக்கிச் சென்றால், மாரிக்காலத்தில் வளைவுதோறும் மழையும் மூடுபனியும் எதிர்ப்படும். வடக்கே இறங்கினால் பிபிலைப் பக்கத்துத் தாழ்நிலத்தில் வெயில் காயும். வண்டியில் ஏறுவோர் எல்லாரும் ‘ஏசி’ என்று வழங்கும் கருவி, வடக்கே இறங்குவதற்கு மட்டும் உரியது என்பது இங்குள்ளோர் பலரது எண்ணம். இவ்வெண்ணத்தை வளர்த்தது ‘குளிரூட்டி’ என்னும் பெயரே என்பது எம் கருத்து.

வரலாற்றை நோக்குக. 1902 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தார்க்கு ஒரு தொல்லை இருந்தது. காற்றின் ஈரம் ஏறி இறங்குந்தோறும் தாள் விரிந்தும் சுருங்கியும் போனமையால், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட வண்ணங்கள் பொருந்தவில்லை. அதற்குப் பரிகாரமாக விலிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த பொறியே இக்காலக் கருவிகளுக்கெல்லாம் முன்னோடி. நான்காண்டின் பின் இதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டிய ஸ்ருவட் கிராமரும் நூலாலைகளின் ஈரத்தைச் சீர்செய்யும் கவலையிலேயே அப்பெயரை வழங்கினார். பக்காட் நிறுவனம் இதனை மோட்டார் வண்டியிற் பொருத்திக் காட்சிக்கு வைத்தது 1939 இல். ஆகவே குளிர்ச்சி மட்டும் இதன் பயனன்று. ஈரத்தை ஆளுதலே இதன் பிறவிக் குணம். எம் நாட்டில் வழங்கும் ‘வளிச்சீராக்கி’ என்னும் சொல் எத்துணைச் செம்மையானது! நாவிற்கு எளிதன்று என்பார்க்கு யாம் மறுமொழி கூறோம்.

இனி அது தொழிற்படும் வகை. இயந்திரத்தோடு வாரினாற் பிணைக்கப்பட்ட அமுக்கி ஒன்று, குழாயினுள் அடைபட்ட வாயுவை நெருக்கிச் சூடேற்றி அனுப்பும். வண்டியின் முகப்பிலுள்ள தட்டில் அது காற்றுப்பட்டு வெப்பத்தை இழந்து திரவமாகும். பின்னர் ஒரு நுண்துளை வழியே பீறிட்டு அமுக்கம் தளரும்போது, தன்னைச் சூழ்ந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் ஆவியாகும். அண்மைக்கால வண்டிகள் பலவற்றிலுள்ள ஆர்-134ஏ என்னும் வாயு சாதாரண வளியமுக்கத்தில் பாகை சதம 26 கழியிலேயே கொதிப்பது. இவ்வாறு குளிர்ந்த சுருளின்மீது வண்டியினுள்ளே வரும் வளி மோதும். அவ்வேளை வளியிலுள்ள ஈரம், குளிர்நீர்ச் செம்பின் புறத்தே அரும்பும் துளிபோலச் சுருளிற் படிந்து, குழாய்வழி நிலத்தில் ஒழுகும். நிறுத்திய வண்டியின் கீழே நீர் சொட்டக் கண்டு ‘ஓட்டை’ என்று பதறுவோர் பலர். அது ஓட்டையன்று; வளியிலிருந்து பிழிந்த நீர்.

வெப்பமூட்டி இதனினும் எளியது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் ஏறக்குறைய 90 பாகை சதமத்திற் சுழல்வது. அதன் ஒரு பங்கு முகப்புப் பலகையின் பின்னுள்ள சிறு சுருளுக்குள் ஓட, அதனூடு வீசும் வளி சூடாகும். வீணே போகும் வெப்பமாதலின் இதற்குத் தனியே எரிபொருள் வேண்டா.

இவ்விரண்டும் ஒருங்கே இயங்கலாம் என்பதே பலர் அறியாதது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்கல் எளிது. மழைநாளில் ஸ்டோரிலே கொழுந்து வாட்டும்போது ஈரக்காற்று கொழுந்தை உலர்த்தாது. ஆதலின் சூட்டுவளியைக் கலந்து செலுத்துவர். வண்டியில் முதலிற் குளிர்ச்சுருள் ஈரத்தைக் கவரும். பின்னர்ச் சூட்டுச்சுருள் அவ்வளியை வெதுவெதுப்பாக்கும். அத்தகைய உலர்வளி, கண்ணாடியிற் படிந்த ஈரத்தை விரைந்து உண்ணும்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பன்னிரு மாணவரோடு ஒரு வானிற் பதுளைக்குச் சென்றோம். மழை விடாது பெய்ததால் கண்ணாடிகள் யாவும் மூடியிருந்தன. அத்தனை பேரின் மூச்சும் நனைந்த உடைகளின் ஈரமும் குளிர்ந்த முன்கண்ணாடியிற் படிந்து, பாதை வெண்திரையாயிற்று. சாரதி ஒரு கையாற் சுக்கானைப் பிடித்து மறுகையாற் பழந்துணி கொண்டு துடைப்பார். துடைத்த இடம் அடுத்த வளைவுக்குள் மங்கும். எதிரே வந்த லொறியின் விளக்கு எமக்கு மஞ்சட் கறையாகத் தோன்றியதேயன்றி, அஃது எப்பக்கம் வருகின்றதெனத் தெரியவில்லை. இடப்பக்கம் பள்ளம். பிள்ளைகளின் பாட்டு நின்றுபோயிற்று.

“அண்ணே, ஏசியைப் போடுங்க” என்றான் உயர்தர வகுப்புத் தொழினுட்பப் பிரிவு மாணவன் ஒருவன்.

“இந்தக் குளிருல ஏசியா தம்பி? புள்ளைங்க வெறைச்சுப் போகும். டீசலும் போகும்.”

“சிவப்புப் பக்கம் திருப்பிட்டுப் போடுங்கண்ணே. காத்தைக் கண்ணாடிக்கு விடுங்க.”

சாரதி மனமின்றி அவ்வாறே செய்தார். கண்ணாடி அடியிலிருந்து மேலாகத் தெளிந்தது. இரண்டு நிமிடமும் ஆகவில்லை. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தைக் கண்டவர் டீசலைச் சிக்கனம் செய்தல் குற்றமன்று. ஆனால் அச்சிறிதளவு டீசலைப் பன்னிரு பிள்ளைகளோடு ஒரே தராசில் நிறுத்தல் எமக்கு ஒவ்வாது.

பின்னர்ப் பதுளைக் கராஜ் ஒன்றில் யாம் கேட்டறிந்தவற்றையும் சேர்க்கின்றோம். மழையில் வெளிவளியை உள்ளே விடும் நிலையிலேயே வண்டியை வைத்தல் வேண்டும். உள்வளியையே சுழலவிட்டால் மூச்சின் ஈரம் பெருகும், சாரதிக்கு உறக்கமும் வரும். தாழ்நிலத்து வெயிலில் விரைந்து குளிர்வதற்குச் சிறிது நேரம் உள்வளியைச் சுழலவிடலாம். வளிச்சீராக்கியில்லாப் பழைய வண்டியாயின், சூட்டுவளியைக் கண்ணாடிக்கு விட்டு, இருபுறமும் விரலளவு திறந்து வைத்தல் நன்று. சிறிது நனைதலைப் பொறுக்கத்தான் வேண்டும். பிபிலையிலிருந்து நிறைபாரத்தோடு ஏறுகையில் இயந்திரச் சூட்டுமுள் உயர்ந்தால், வளிச்சீராக்கியை நிறுத்தி, வெப்பமூட்டியை முழுதும் திறந்து, தக்க இடத்தில் வண்டியை ஒதுக்குக. இயந்திரத்தின் வெப்பத்துள் ஒரு பங்கு அச்சிறு சுருள்வழி வெளியேறும். உள்ளிருப்போர்க்கு வியர்த்துக் கொட்டும், இயந்திரம் பிழைக்கும்.